தொன்மை வடிவம் தாங்கிய புதுக்காசுகள்: படியெடுப்பும் எடுத்தாள்கையும்

தொல்நாணயங்களின் வடிவத்தைத் தழுவிப் பிற்காலத்தில் அடிக்கப்பட்ட நாணயங்களையும் பதக்கங்களையும் தேடித் திரட்டுவோர் உலகெங்கும் உளர். ஏதென்சின் ஆந்தை பொறித்த வெள்ளிக்காசு ஒன்றையும், அதே ஆந்தையைத் தாங்கிய இன்றைய ஒரு யூரோ நாணயத்தையும் ஒரே தட்டில் அருகருகே வைத்துப் பார்ப்பது இச்சேகரிப்பின் இன்பம். அருங்காட்சியகங்கள் அவ்வாறு வைப்பதில்லை. பழையது தொல்பொருட் பிரிவுக்கும் புதியது தற்கால நாணயப் பிரிவுக்கும் போய்விடுகின்றன. இரண்டுக்கும் இடையிலுள்ள உறவைப் பற்றிப் பேசும் பொறுப்பு பெரும்பாலும் விற்பனைப் பட்டியல்களின் ஓரிரு வரிக் குறிப்புகளிடமே விடப்பட்டுள்ளது. அக்குறிப்புகள் 'இன்ன நாணயத்தைத் தழுவியது' என்பதோடு நின்றுவிடும். தழுவியது எதனை, எவ்வளவு, எதற்காக என்ற வினாக்கள் எழுப்பப்படுவதில்லை.

இக்கட்டுரை அவ்வினாக்களை எழுப்புகிறது. நாணயம் என்பது உருவம் ஒன்றை ஏந்திய உலோக வட்டம் மட்டுமன்று. புடைப்பின் உயரம், எழுத்துக்கு ஒதுக்கிய இடம், உருவத்துக்கும் விளிம்புக்கும் இடைப்பட்ட வெளி, முன்புறமும் பின்புறமும் தம்முள் நடத்தும் உரையாடல் ஆகிய அனைத்தும் சேர்ந்து ஒரு மொழியாகின்றன. பழங்காசின் உருவத்தை மட்டும் பெயர்த்தெடுப்பதைப் படியெடுப்பு என்றும், அதன் மொழியைக் கற்றுத் தன் சொல்லைச் சொல்வதை எடுத்தாள்கை என்றும் இங்கே குறிக்கின்றேன். இரண்டுக்கும் இடையே கோடு எப்போதும் தெளிவாக விழுவதில்லை. ஆயினும் இவ்வேறுபாடு இல்லாமல் இக்காசுகளை மதிப்பிட இயலாது என்பதே என் துணிபு.

பதுவையிலிருந்து

இத்தழுவலுக்கு நீண்ட வரலாறு உண்டு. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பதுவை நகரில் வாழ்ந்த ஜியோவன்னி தா கவினோ, உரோமப் பேரரசர்களின் பெரிய வெண்கலக் காசுகளைப் போன்ற பதக்கங்களைத் தாமே அச்சு வெட்டி அடித்தார். தொன்மைமீது காதல் கொண்ட அறிஞர் குழாம் அவற்றை விரும்பி வாங்கிற்று. ஏமாற்றும் நோக்கம் அவருக்கு இருந்ததா என்பது இன்றும் வாதத்துக்குரியது. கையிலெடுத்துப் பார்ப்பவருக்கு வேறுபாடு விரைவில் புலனாகும்: உரோமக் காசின் அவசரமும் கோணலும் அவற்றில் இல்லை. எழுத்துகள் ஒழுங்காக நிற்கின்றன; வட்டம் மிகையாக வட்டமாக உள்ளது. அவருடைய காலத்தவர் உரோமை எப்படிக் காண விரும்பினர் என்பதற்கு அவ்வொழுங்கே சான்று. 'பதுவைக் காசு' என்ற பெயரில் அவை இன்று தம்மளவிலேயே சேகரிக்கப்படுகின்றன.

ஜெர்மனியின் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) வேறு வகையினர். கிரேக்க, உரோமக் காசுகளுக்கு நூற்றுக்கணக்கில் அச்சு வெட்டியவர் அவர். புதிதாக அடித்த காசுகளை இரும்புத்தூளோடு பெட்டியிலிட்டு, தம் குதிரை வண்டியின் அடியில் கட்டிச் சாலையில் ஓட்டிப் பழமையேற்றினார் என்ற கதை நாணயவியலாளரிடையே இன்றும் உலவுகிறது. ஏமாற்றே நோக்கமாயினும், அவர் கைத்திறனை மெச்சி அக்காசுகளைத் தேடி வாங்குவோரும் உண்டு. போலிக்கும் தழுவலுக்கும் உள்ள எல்லையைச் சட்டம் வேறு வகையாக வகுக்கிறது. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டுச் சட்டம், படியெடுத்த நாணயங்களின்மேல் 'படி' என்ற பொருள்தரும் சொல்லைப் பொறிக்குமாறு கட்டாயப்படுத்துகிறது. சட்டம் அங்கே நின்றுவிடலாம், திறனாய்வு நிற்கவியலாது.

உயரத்தின் மீது ஆசை

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் தம் நாட்டு நாணயங்களின் அழகின்மையைக் கடுமையாகச் சாடி 1904 இறுதியில் தம் நிதித்துறைச் செயலருக்கு எழுதினார். சிற்பி அகஸ்டஸ் செயின்ட்-கோடன்சை அப்பணியில் ஈடுபடுத்தினார். இருவரையும் பிணைத்தது கிரேக்கக் காசுகளின்மீது, சிறப்பாக அலெக்சாந்தரின் காசுகளின்மீது கொண்ட வியப்பு. அவர்கள் விரும்பியது கிரேக்க உருவத்தை அன்று. கிரேக்கப் புடைப்பின் உயரத்தை. ஒளியும் நிழலும் விழுந்து உருவம் உலோகத்திலிருந்து எழுந்து வருவது போன்ற அத்தோற்றத்தையே தம் இருபது டாலர் பொற்காசில் காண விழைந்தனர்.

விளைவு 1907இல் வந்தது. கையில் தீவட்டியும் ஒலிவக் கிளையும் ஏந்தி நம்மை நோக்கி நடந்து வரும் சுதந்திர தேவி ஒரு புறம். பறக்கும் கழுகு மறுபுறம். ஆண்டெண்கூட உரோம எழுத்தெண்களில் பொறிக்கப்பட்டது. மிக உயர்ந்த புடைப்புடைய முதல் மாதிரிகளை முழுமையாக அடிக்கப் பதக்க இயந்திரத்தில் ஒன்பது முறை வரை அழுத்த வேண்டியிருந்தது. நாணயச்சாலையின் தலைமைச் செதுக்குநர் சார்லஸ் பார்பர் தொடக்கம் முதலே இதை எதிர்த்தார். ஒரே அழுத்தத்தில் அடிக்க முடியாத காசு புழக்கத்துக்கு உதவாது; வங்கி மேசையில் அடுக்கினால் நிற்காது என்பன அவர் தரப்பு. செயின்ட்-கோடன்ஸ் 1907 ஆகஸ்டில் மறைந்தார். சற்றே தாழ்ந்த புடைப்பில் ஏறத்தாழ 12,000 காசுகள் அடிக்கப்பட்ட பின், பார்பர் புடைப்பை மேலும் தட்டையாக்கிப் பெருமளவு உற்பத்திக்கு வழி செய்தார்.

சேகரிப்பாளர் எழுத்தில் பார்பர் எப்போதும் கலையறியாத வில்லனாகவே வருகிறார். இது நியாயமன்று. கிரேக்க அச்சாளர் தடித்த உலோகக் கட்டியைச் சம்மட்டியால் அடித்தார். விளிம்பு பிளந்தாலும் உருவம் நடுவிலிருந்து விலகினாலும் எவரும் குறை கூறவில்லை. அடுக்கிவைக்கும் தேவையும் அவருக்கில்லை. உயர்ந்த புடைப்பு அவ்வுற்பத்தி முறையின் பிள்ளை. அதனை வேறொரு முறைக்குள் கொண்டுவந்து நட்டபோது அது வேர்பிடிக்கவில்லை. 2009இல் அமெரிக்க நாணயச்சாலை, மூல வார்ப்புகளைக் கணினி வழி அளந்து, 27 மில்லிமீட்டர் விட்டமும் 4 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட தூய பொன்னில் அக்காசை மீண்டும் அடித்தது. ரூஸ்வெல்ட் விரும்பிய உயரம் அப்போதுதான் கைகூடியது. ஆனால் அது எவரும் கடையில் நீட்டும் பணமன்று, பேழையில் வைத்து விற்கப்படும் பொருள்.

1908இல் பெலா லயன் பிராட் வடித்த ஐந்து டாலர், இரண்டரை டாலர் காசுகள் இதே சிக்கலுக்கு எதிர்த்திசையில் விடை கண்டன. உருவத்தைத் தரைமட்டத்துக்குக் கீழே அமிழ்த்தி வடிக்கும் எகிப்தியச் சிற்ப முறையை அவர் கையாண்டார். அழுக்குச் சேரும், நோய் பரவும் என்றுகூட அக்காசுகள் எதிர்க்கப்பட்டன. ஆயினும் அவை அடுக்கினால் நின்றன. தேய்விலிருந்தும் உருவம் காக்கப்பட்டது. தொன்மையிலிருந்து எதைக் கற்கலாம் என்பதை இயந்திரத்தோடு கலந்து பேசிய காசுகள் அவை.

அயர்லாந்தின் விலங்குகள்

எடுத்தாள்கைக்கு நான் முதலிடம் தருவது 1928 டிசம்பரில் வெளிவந்த அயர்லாந்து நாணயங்களுக்கு. விடுதலை பெற்ற சிறிய நாடு தன் முதல் காசுகளை வடிவமைக்கக் கவிஞர் யேட்சைத் தலைவராகக் கொண்ட குழு ஒன்றை அமைத்தது. ஒரு புறம் யாழ் நிலைத்திருக்க வேண்டும். எழுத்துகள் ஐரிஷ் மொழியில் இருக்க வேண்டும். அண்மைக்கால மனிதர் எவருடைய முகமும் கூடாது என்பன குழு வகுத்த நெறிகள். மறுபுறத்துக்கு நாட்டின் விலங்குகளும் பறவைகளும் தேர்ந்தெடுக்கப்பட்டன. போட்டிக்கு அழைக்கப்பட்ட கலைஞர்களுக்குக் குழு கிரேக்கக் காசுகளின் ஒளிப்படங்களை அனுப்பியது: லாரிசாவின் குதிரை, தூரியின் காளை, மெசானாவின் முயல். ஏழு கலைஞரின் வார்ப்புகள் வந்து சேர்ந்தன. தேர்வானவர் யார்க்சயரைச் சேர்ந்த ஆங்கிலேயச் சிற்பி பெர்சி மெட்காஃப்.

மெட்காஃபின் அரைக்கிரவுன் குதிரையை லாரிசாவின் வெள்ளிக்காசோடு ஒப்பிட்டால், அவர் எதை எடுத்தார், எதை விட்டார் என்பது விளங்கும். லாரிசாவின் குதிரை தெசாலிய மேய்ச்சல் நிலத்தில் குனிந்தோ துள்ளியோ நிற்பது. மெட்காஃபின் குதிரை அயர்லாந்தின் வேட்டைக்குதிரை. நிமிர்ந்து, ஒரு முன்காலைத் தூக்கி நிற்பது. உருவம் அவருடையது. ஆனால் ஒற்றை விலங்கு வட்டம் முழுவதையும் ஆள்வது, எழுத்து அதற்கு வழிவிட்டு ஒதுங்குவது, பின்னணிக் காட்சி ஏதுமின்றி வெற்று உலோகமே வெளியாக நிற்பது ஆகியவை கிரேக்க மொழியின் இலக்கணம். காளையிடம் மட்டும் மூலத்தின் சாயல் சற்றுக் கூடுதலாகத் தெரிகிறது. முயலிடம் அது கிட்டத்தட்ட மறைந்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். மெசானாவின் முயலுக்கு ஒரு கதை இருந்தது. ரீஜியத்தின் ஆட்சியாளன் அனக்சிலாஸ் முயலைச் சிசிலித் தீவுக்கு முதலில் கொண்டுவந்தான் என்று அரிஸ்டாட்டில் கூறியதாகப் பழைய குறிப்பொன்று சொல்கிறது. அக்காசைக் கையில் வாங்கியவன் அக்கதையையும் சேர்த்தே வாங்கினான். அயர்லாந்தின் மூன்று பென்சு முயலுக்கு அப்படிக் கதை இல்லை. அதனிடத்தில் வேறோர் ஒழுங்கு வந்தது. குதிரை, சால்மன் மீன், காளை உயர்மதிப்புக் காசுகளில். குஞ்சுகளோடு கோழி, குட்டிகளோடு பன்றி, காட்டுக்கோழி செப்புக் காசுகளில். குடியானவன் வீட்டு முற்றத்தின் படிநிலை பணத்தின் படிநிலையாயிற்று. கிரேக்கரிடம் இல்லாத இவ்வொழுங்கை அவர்களுடைய மொழியிலேயே சொல்ல முடிந்தது என்பதுதான் இக்காசுகளின் வெற்றி.

அதை எளிதில் விட்டுவிடவும் இல்லை. வேளாண் துறை வல்லுநர்களிடம் வார்ப்புகள் காட்டப்பட்டன. நல்ல இனக்காளை இப்படி இராது, விலைபோகும் பன்றியின் உடல் இப்படி இராது என்று அவர்கள் சொல்ல, உருவங்கள் திருத்தப்பட்டன. முதல் வார்ப்பின் பன்றிகள் போனதைப் பற்றி யேட்ஸ் பின்னர் நயமான வருத்தத்தோடு எழுதினார். சமயச் சின்னம் ஏதுமில்லாத இக்காசுகள் புறச்சமயத்தன என்று கண்டனம் எழுந்தது. ஆங்கிலேயர் வடித்து இலண்டனில் அடித்த காசு நமக்கெதற்கு என்ற குரலும் எழுந்தது. இக்கடைசிக் குரலை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. அடிமைப்பட்டிருந்த மக்களுக்கு அவ்வினாவைக் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் விடை காசிலேயே இருக்கிறது. அதில் ஆங்கிலேயத் தன்மை எங்கே என்று தேடுவோர் வெறுங்கையோடு திரும்புவர். 1971இல் பதின்ம முறை வந்தபோதும் காளையும் சால்மனும் காட்டுக்கோழியும் காசுகளில் நீடித்தன. குதிரை 1986இல் இருபது பென்சில் திரும்பி வந்தது. 2002இல் யூரோ வந்தபோது யாழ் ஒன்றே எஞ்சியது.

காசின்மேல் காசு

அதே 2002ஆம் ஆண்டு கிரேக்கம் தன் ஒரு யூரோ நாணயத்தில் ஏதென்சின் ஆந்தையைப் பொறித்தது. சிற்பி ஜார்ஜ் ஸ்டமடோபுலோஸ் வடித்தது. கி.மு. 5ஆம் நூற்றாண்டு நான்கு திரக்மாக் காசிலிருந்து ஆந்தை, ஒலிவச் சிறுகிளை, நகரின் பெயரைக் குறிக்கும் மூன்றெழுத்துகள் ஆகிய எல்லாம் அப்படியே வந்துள்ளன. சேகரிப்பாளர் மிக விரும்பும் காசு இது. விலை மிகக் குறைவு, மூலமோ யாவரும் அறிந்தது. ஆனால் எனக்கு இது நிறைவளிப்பதில்லை. ஏதென்சில் ஆந்தை தனித்திருந்ததில்லை. மறுபுறம் அதீனா தேவியின் தலை இருந்தது. ஆந்தை அவளுடைய பறவை. காசைத் திருப்பும்போது தெய்வமும் அதன் அடையாளமும் மாறிமாறி வந்தன. இன்றைய காசைத் திருப்பினால் வருவது ஐரோப்பாவின் வரைபடம். ஆந்தை அங்கே காசின் உருவமாக இல்லை, ஒரு காசின் படமாக இருக்கிறது. பழைய காசு ஏறத்தாழ 17 கிராம் எடையுள்ள தடித்த வெள்ளி. அதன் புடைப்பை 7.5 கிராம் எடையுள்ள மெல்லிய வட்டத்தில் தட்டையாக்கிக் காட்டும்போது எஞ்சுவது கோட்டோவியமே.

அதே நாடு 1990இல் வெளியிட்ட நூறு திரக்மாக் காசு இதனோடு ஒப்பிடத்தக்கது. அதில் அலெக்சாந்தரின் தலையும் மறுபுறம் வெர்கினாவில் கிடைத்த பதினாறு கதிர்ச் சூரியனும் இருந்தன. அடுத்த ஆண்டே யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த மாசிடோனியா, 1992இல் அதே சூரியனைத் தன் கொடியில் ஏற்றியது. கடும் பிணக்குக்குப் பின் 1995இல் கைவிட்டது. காசில் தொன்மையைப் பொறிப்பது உரிமைப் பத்திரம் பதிவு செய்வது போன்ற செயலாகவும் இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

இவ்வுரிமை கோரலை முறையாகவும் தொடர்ச்சியாகவும் செய்த நாடு இஸ்ரேல். 1948ஆம் ஆண்டு முதல் காசில் பார் கோக்பா எழுச்சிக் காலத்து (கி.பி. 132–135) திராட்சைக் கொத்து இடம்பெற்றது. இன்றைய ஒரு ஷேக்கலில் இருப்பது லில்லி மலரும் 'யெஹூத்' என்ற பழைய எபிரேய எழுத்தும். அவற்றின் மூலம் பாரசீகப் பேரரசின்கீழ் இருந்த ஒரு சிறு மாகாணத்தின் காசு. இறைமையுள்ள அரசு தன் அடையாளத்தைப் பிறர்க்குக் கட்டுப்பட்ட காலத்தின் காசில் தேடியதை எவரும் பெரிதாகக் குறித்ததாகத் தெரியவில்லை. அக்காலத்து யெஹூத் காசுகளில் சில ஏதென்சின் ஆந்தையையே படியெடுத்தவை என்பதும் நினைவுகூரத்தக்கது. தழுவலின் மூலத்தைத் தேடிப் போனால் அங்கும் தழுவலே நிற்கிறது.

1985இல் வந்த அரை ஷேக்கலின் யாழ், யூத அரச குமாரி ஒருத்தியுடையது எனப்பட்ட தொல்முத்திரையிலிருந்து எடுக்கப்பட்டது. அம்முத்திரை போலி என்று ஆய்வாளர் பின்னர் ஐயுற்றனர். பத்து அகோராவில் நிகழ்ந்தது இதனினும் வியப்பு. அதில் கடைசி அஸ்மோனிய அரசன் மத்தத்தியா அந்திகோனசின் (கி.மு. 40–37) காசிலுள்ள ஏழு கிளை விளக்கு, அக்காசின் ஒழுங்கற்ற விளிம்புக் கோட்டோடு சேர்த்தே பொறிக்கப்பட்டது. 1990இல் யாசர் அரஃபாத் அக்கோணல் விளிம்பை 'அகன்ற இஸ்ரேலின்' வரைபடம் என்று குற்றஞ்சாட்டினார். உலோகம் தேய்ந்ததால் அமைந்த ஒரு விளிம்பு நாட்டெல்லையாகப் படிக்கப்பட்டது. அப்படிப்பு தவறு. ஆயினும் காசைக் காசின் படமாகப் பொறித்ததால்தான் அத்தவறுக்கு இடமேற்பட்டது. உருவத்தை மட்டும் எடுத்திருந்தால் விளிம்பு வந்திராது.

இத்தொகுதியில் உயர்ந்ததாக நான் கருதுவது புழக்கக் காசன்று. 1958இல் நாட்டின் பத்தாம் ஆண்டு நிறைவுக்கு வந்த பதக்கம். கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் வீழ்ந்தபின் உரோமர் வெளியிட்ட 'யூதேயா பிடிபட்டது' என்ற காசு ஒரு புறம்: பேரீச்ச மரத்தடியில் அழுதமர்ந்த பெண். மறுபுறம் அதே மரம், அதே இலத்தீன் மொழி, ஆனால் 'இஸ்ரேல் விடுதலை பெற்றது' என்ற எழுத்து. பெண் குழந்தையை உயர்த்தி நிற்கிறாள், ஆண் நாற்று நடுகிறான். வென்றவனின் மொழியிலேயே வென்றவனுக்கு விடை சொல்லும் இப்பதக்கம், முன்புறமும் பின்புறமும் உரையாட வேண்டும் என்ற பழைய இலக்கணத்தை முழுமையாக அறிந்தது. அவ்விடுதலையின் மறுபக்கத்தில் இடம்பெயர்ந்தோரின் துயரம் உண்டு என்பதை இப்பதக்கம் சொல்லவில்லை. வெற்றிப் பதக்கங்கள் எதுவுமே அதைச் சொன்னதில்லை. பழைய உரோமக் காசுதான், தன்னையறியாமல், தோற்றவளுக்கு முகம் தந்தது.

நம் பேழைகளில்

தமிழருக்கு இப்பொருளோடு உள்ள உறவு நாம் எண்ணுவதைவிட நெருக்கமானது. 'சவரன்' என்று நாம் பொன் நிறுக்கும் சொல், 1817இல் வெளிவந்த ஆங்கிலேயப் பொற்காசின் பெயர். 7.988 கிராம் எடையை எட்டுக் கிராமாக முழுமையாக்கிக்கொண்டோம். அக்காசில் நாகத்தை வதைக்கும் குதிரைவீரனை வடித்த பெனெடெட்டோ பிஸ்ட்ரூச்சி இத்தாலியர். ஆடையற்ற மேனி, பறக்கும் போர்வை, பின்காலில் எழும் குதிரை என அவ்வுருவம் முழுக்கக் கிரேக்கச் சிற்ப மரபினது. பார்த்தினான் ஆலயச் சிற்பங்களை இங்கிலாந்து விலைக்கு வாங்கிய மறு ஆண்டு வந்த காசு அது. நம் பாட்டிமார் காசுமாலையில் கோத்து அணிந்த சவரன்களில் இருந்தவர் கிறித்தவப் புனிதர் உருவில் வந்த கிரேக்க வீரன். தொன்மை தழுவிய காசுகளின் பெருந்தொகுப்புகள் நெடுங்காலமாக நம் வீட்டு இரும்புப் பெட்டிகளில் இருந்திருக்கின்றன.

இது புதிதுமன்று. தென்னிந்தியாவில் கிடைத்த உரோமப் பொற்காசுகள் பலவற்றில், பேரரசனின் தலைக்கு மேலே துளையிட்டு அணிந்த தடம் உண்டு. அமராவதி ஆற்றுப்படுகையில் கரூரை ஒட்டிக் கிடைத்த மாக்கோதை, குட்டுவன் கோதை வெள்ளிக்காசுகள் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றன. கொங்குநாட்டில் குவிந்த உரோமத் தெனாரியசுகளின் அரசத் தலை இக்காசுகளுக்கு முன்மாதிரி என்பது ஆய்வாளர் பலரும் ஏற்கும் கருத்து. ஆனால் தலைமேல் தமிழ் பிராமியில் சேரன் பெயர் வளைந்து நிற்கிறது. உரோமக் கடவுளரோ வெற்றித் தேவியோ பின்புறத்தில் வரவில்லை. பின்புறம் வெறுமையாகவே விடப்பட்டது. சேரன் அக்கசாலையில் எவனோ ஓர் அச்சாளன் எதை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானித்திருக்கிறான். உரோமத் தழுவல் என்று சொல்லி நாணிக் குறுகவும் வேண்டா. தழுவலே இல்லை என்று மறுக்கவும் வேண்டா. யாழ்ப்பாண அரசரின் சேதுக் காசும் இவ்வாறே. நிற்கும் மனித உருவம் இராசராசன் காலக் காசின் வழிவந்தது. படுத்திருக்கும் நந்தியும் 'சேது' என்ற எழுத்தும் அவர்களுடையவை.

எல்லாத் தழுவலும் இவ்வுயரத்தை எட்டவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் மூன்று தெய்வ உருவம் பொறித்த வராகனை அடித்தது விசயநகரக் காசின்மீது மக்கள் வைத்த நம்பிக்கையைப் பயன்படுத்தவே. பக்தி அதற்குக் காரணமன்று. பின்னாளில் '1818' என்ற ஆண்டும் கம்பெனியின் பெயரும் பொறித்து, மறுபுறம் இராமர் பட்டாபிடேகம் காட்டும் செப்புக்காசுகள் சந்தையில் பெருகின. கம்பெனி அப்படியொரு காசை அடிக்கவேயில்லை. அவற்றுக்குத் தெய்வ ஆற்றல் உண்டென்றும் அரிசியை இழுக்குமென்றும் சொல்லி இலட்சக்கணக்கில் பணம் பறிக்கும் மோசடி இன்றும் காவல்துறைக் குறிப்புகளில் இடம்பெறுகிறது. காசை எவரும் படிப்பதில்லை என்ற உறுதியின்மேல் நடக்கும் வணிகம் அது.

தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாம் ஆண்டை ஒட்டி 2010 ஆண்டெண்ணோடு இந்திய அரசு வெளியிட்ட 1000 ரூபாய், 5 ரூபாய் நினைவு நாணயங்கள் கோயிலைக் காட்டுகின்றன. இராசராசன் தானே பெருமளவில் காசு அடித்தவன். புலியும் மீனும் வில்லும் ஒரே கோட்டில் அமர்ந்த அவன் காசின் அமைப்பு நாணயக் கலையில் தனிச்சிறப்புடையது. அதன் இலக்கணத்தை எடுத்தாள நல்லதொரு வாய்ப்பு இருந்தது. அஞ்சலட்டைக்கு ஏற்ற காட்சி ஒன்று 44 மில்லிமீட்டர் வெள்ளியில் சுருக்கப்பட்டதோடு அது கடந்துபோயிற்று.

புலம்பெயர் தமிழ் அமைப்புகள் மாநாடுகளுக்கும் விழாக்களுக்கும் அடிப்பிக்கும் பதக்கங்களின் நிலை இதனினும் மெலிது. வள்ளுவர் சிலை, கோபுரம், முச்சின்னம், பூவேலை விளிம்பு, இருமொழி வாசகம், அமைப்பின் இலச்சினை ஆகிய அனைத்தும் ஒரே வட்டத்தில் நெருக்கியடித்து நிற்கும். எதையும் விட மனம் வராத நிலை அது. நாடிழந்த மக்களுக்கு எல்லாவற்றையும் உடன் எடுத்துச்செல்லும் அவா இருப்பது இயல்பே. அந்த அவாவை நான் நன்கு அறிவேன். ஆனால் மாக்கோதையின் அச்சாளன் செய்த தேர்வு இவற்றில் எங்கும் இல்லை. தமிழ் பிராமி எழுத்தைத் தாங்கிய பதக்கங்கள்கூட அவ்வெழுத்தைக் கணினி எழுத்துருவாக, சம இடைவெளியில், அழகாக வரிசைப்படுத்துகின்றன. கவினோவின் உரோமும் அப்படித்தான் இருந்தது.

இப்பதக்கங்கள் நூலகங்களுக்கு வந்துசேரும்போது பெரும்பாலும் 'நினைவுப்பொருள்' என்ற பெயரில் பெட்டிக்குள் போகின்றன. விவரப்பட்டியலில் விட்டமும் உலோகமும் மட்டும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மூலமான பழங்காசு எது, அது எந்த அருங்காட்சியகத்தின் எந்த எண்ணுள்ள காசு, வடித்தவர் யார், மூலத்தைக் கையில் பார்த்து வடித்தாரா, நூலிலுள்ள ஒளிப்படத்தைப் பார்த்து வடித்தாரா, அச்சடிக்கப்பட்டதா வார்க்கப்பட்டதா, எழுத்து எங்கே மாறியது என்பனவும் பதியப்பட வேண்டும். வடித்தோர் பலர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். கேட்டால் சொல்வர்.